மேடைக்குப் பின்னால் ஒரு மேஜை: நாடகக் குழுவில் கைகொடுக்க வருகிறவர்களுக்கு

நாடகக் குழுவில் உதவ வருகிற புதியவர்கள் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள்: "எந்த வேலை கொடுத்தாலும் செய்றேன் அக்கா." நல்ல மனசுதான். ஆனால் அப்படி வருகிறவரை எல்லோரும் எல்லாவற்றுக்கும் கூப்பிடுவார்கள். கடைசியில் நாடகத்தில் வரும் கடிதம் மேடைக்குப் போக வேண்டிய நேரத்தில் அவர் யாருக்கோ காபி வாங்கப் போயிருப்பார். அதனால் நான் சொல்வது இதுதான்: ஒரு சின்ன வேலையைக் கேட்டு வாங்குங்கள். ஒரு மேஜை, ஒரு விங் (மேடையின் பக்கவாட்டில், பார்வையாளர் கண்ணில் படாத இடம்), ஒரு நடிகரின் உடை மாற்றம், எதுவாக இருந்தாலும் சரி. அது தொடக்கம் முதல் முடிவு வரை உங்கள் பொறுப்பு, வேறு யாரும் அதைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை என்ற நிலைக்குக் கொண்டுவாருங்கள். மேடைக்குப் பின்னால் அதைவிடப் பெரிய உதவி கிடையாது.

நான் சென்னையில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன். மாலைகளிலும் வார இறுதிகளிலும் ஓர் அமெச்சூர் குழுவுக்கு ப்ராப்பர்ட்டி பார்க்கிறேன், அதாவது நடிகர்கள் கையில் எடுக்கிற, மேடையில் வைக்கிற எல்லாச் சாமான்களும். எங்கள் குழுவில் எல்லோருக்கும் பகலில் வேறு வேலை உண்டு. இது தமிழில் பழைய வழக்கம். 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் நண்பர்களோடு தொடங்கிய சுகுண விலாச சபையே நாடகத்தைப் பிழைப்பாகக் கொள்ளாதவர்கள் சேர்ந்து நடத்தியதுதான். அவர் பின்னாளில் வக்கீலாகவும் நீதிபதியாகவும் இருந்துகொண்டே நாடகம் எழுதினார், நடித்தார்.

எப்போது போய்க் கேட்பது

சென்னையில் மார்கழி முழுக்க சபா மேடைகள் கச்சேரிக்காரர்களுடையவை. நாடகத்துக்குக் கோடைதான் காலம். ஏப்ரல், மே மாதங்களில் கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் நடத்தும் கோடை நாடக விழாவை மனதில் வைத்தே பல குழுக்கள் புது நாடகம் எழுதுகின்றன. ஆகவே பொங்கல் முடிந்ததும் ஒத்திகைகள் தொடங்கிவிடும். நீங்கள் சேர வேண்டியது அந்த நேரத்தில். நாடகத்தன்று வந்து கைகொடுக்கிறேன் என்றால் உங்களுக்குக் கதையும் தெரியாது, ஆட்களும் தெரியாது.

முதலில் ஏதாவது ஒரு குழுவின் நாடகத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். முடிந்த கையோடு இயக்குநரைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். அப்போது போகாதீர்கள். கால் மணி நேரம் பொறுத்தால் கூட்டம் கலைந்து, நாலைந்து பேர் மட்டும் நாற்காலியை மடக்கிக்கொண்டும் துணியை மூட்டை கட்டிக்கொண்டும் இருப்பார்கள். அவர்களிடம் போய், "சார், இதைப் பிடிக்கட்டுமா?" என்று கேளுங்கள். அவர்கள்தான் உங்களை உள்ளே கூட்டிப்போகிறவர்கள்.

ஒத்திகை யார் வீட்டு ஹாலிலாவது நடக்கும், இல்லாவிட்டால் மொட்டை மாடியில். நாற்காலி வரிசைதான் சுவர், இரண்டு செருப்புதான் வாசல். முதல் சில ஒத்திகைகளில் எதையும் செய்யாமல் நாடகப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள். பென்சில் கட்டாயம். யார் எந்தப் பக்கமிருந்து வருகிறார், கையில் என்ன கொண்டுவருகிறார், எந்தப் பக்கம் போகிறார் என்று மட்டும் குறித்துக்கொண்டே வாருங்கள். அந்தக் குறிப்புகள்தான் பிறகு உங்கள் வேலை முழுவதும்.

சாமான் மேஜை

புதிதாக வருகிறவருக்கு நான் முதலில் சிபாரிசு செய்வது ப்ராப்பர்ட்டி மேஜையைத்தான். வேலை கண்ணுக்குத் தெரியும், கணக்கு உண்டு, நாடகம் முழுக்க விங்கில் நிற்பதால் எல்லாவற்றையும் கற்றுக்கொள்ளலாம்.

மேஜை மேல் பிரவுன் பேப்பரை விரித்து ஒட்டுங்கள். ஒவ்வொரு சாமானையும் அதன் மேல் வைத்து, மார்க்கரால் சுற்றிக் கோடு போட்டு, உள்ளே பெயர் எழுதுங்கள்: "மூக்குக் கண்ணாடி, காட்சி 2", "கல்யாணப் பத்திரிகை, காட்சி 4". சாமான் இல்லாத இடம் வெறும் கோடாகத் தெரியும். ஒரே பார்வையில் எது குறைகிறது என்று கண்டுபிடித்துவிடலாம். மேடைக்கு இரண்டு பக்கமும் விங் இருப்பதால் மேஜையும் இரண்டு வேண்டும். ஒரு பக்கம் ஸ்டூல் ஒன்று போதுமானாலும் அதற்கும் பிரவுன் பேப்பர் உண்டு.

புதியவர்கள் தடுமாறுவது சாமான் உள்ளே போகும்போது அல்ல, வெளியே வரும்போது. மாமா வலது பக்கமிருந்து குடையோடு வருவார், கோபித்துக்கொண்டு இடது பக்கமாகப் போவார். அடுத்த காட்சியில் அதே குடை மறுபடியும் வலது பக்கமிருந்து வர வேண்டும். நடுவில் யாராவது அதைப் பின்திரைக்குப் பின்னாலேயே சுற்றிக் கொண்டுபோக வேண்டும். எங்கள் நோட்டில் ஒவ்வொரு சாமானுக்கும் இப்படி ஒரு வரி இருக்கும்: எந்தப் பக்கம் உள்ளே, யார் கையில், எந்தப் பக்கம் வெளியே, அப்புறம் எங்கே. சில அரங்குகளில் பின்திரைக்கும் சுவருக்கும் இடையே ஆள் நடக்க இடமே இருக்காது. மத்தியானம் அரங்குக்குள் போனதும் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்த வழியைத்தான்.

மேஜையில் இருக்கிற சாமானை உரிய நடிகரைத் தவிர யாரும் தொடக்கூடாது. இதில் தயவு தாட்சண்யம் வேண்டாம். இயக்குநரின் நண்பர் ஆசையாக எடுத்துப் பார்த்தாலும், "சார், அதை வெச்சிடுங்க" என்று சொல்லத் தயங்காதீர்கள். சரிபார்ப்பு மூன்று முறை: மேஜை போட்டவுடன் ஒன்று, முதல் பெல்லுக்கு முன் ஒன்று, நாடகம் முடிந்து மூட்டை கட்டுமுன் ஒன்று.

சாமானைத் தேர்ந்தெடுப்பதும் உங்கள் வேலைதான். காபி டம்ளரை வெறுமையாகக் கொடுக்காதீர்கள். வெறும் டம்ளரைத் தூக்குகிற கை காற்றைத் தூக்குகிற மாதிரியே இருக்கும், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு உடனே தெரிந்துவிடும். பாதியளவு தண்ணீராவது ஊற்றுங்கள். கண்ணாடிச் சாமான் வேண்டாம். உடைந்தால் வெறுங்காலோடு ஆடுகிறவர் இருப்பார். மேடையில் சாப்பிட வேண்டிய காட்சி என்றால் வாயில் கரைகிறதாகக் கொடுங்கள். வாழைப்பழம் தேவலை, முறுக்கு கூடவே கூடாது, தொண்டையில் துகள் நின்றால் அடுத்த வசனம் இருமலாகத்தான் வரும். கடிதத்தில் வெற்றுத்தாள் வைக்காமல் உண்மையான வாசகத்தையே பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள், நடிகர் மறந்தாலும் பார்த்துப் படிப்பார். மூக்குக் கண்ணாடியில் லென்ஸைக் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் விளக்கு அதில் பட்டுக் கண்ணே தெரியாது.

பழைய காலத்துக் கதை என்றால் இந்த வேலையில் இறங்கி மூழ்கலாம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. 1965இல் நடக்கிற கதையில் தபால்காரர் கொண்டுவரும் உறையில் பின்கோடு இருக்கக் கூடாது, அது 1972 ஆகஸ்ட் 15 அன்றுதான் வந்தது. முகவரியில் "தமிழ்நாடு" என்றும் எழுதக் கூடாது, மாநிலத்தின் பெயர் 1969இல்தான் மாறியது. 1970இல் ஒரு மயிலாப்பூர் வீட்டுக் கூடம் என்றால் டிவி வைக்காதீர்கள், சென்னைக்குத் தொலைக்காட்சி வந்தது 1975இல். ரேடியோ வையுங்கள். 1957 ஏப்ரலுக்கு முந்தைய கதையில் கணக்கு ரூபாய், அணா, பைசா. நயா பைசா அதற்குப் பிறகு. ரூபாய்க்கு இப்போது இருக்கிற குறி 2010இல் வந்தது. கடைப் பலகை எழுதுகிறீர்களா? 1978இல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் லை, னை, ணை, றா, னா எல்லாம் வேறு வடிவத்தில் எழுதப்பட்டன. பழைய பத்திரிகை ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பார்த்து எழுதுங்கள். சபாவுக்கு வருகிறவர்களில் பலர் அந்தக் காலத்தை வாழ்ந்து கடந்தவர்கள். அவர்கள் கண்ணை நாம் மதிக்க வேண்டும்.

இருட்டில் வேலை

மேடையில் விளக்கு அணைந்து மறுபடி எரிவதற்குள் ஒரு வீடு ஆஸ்பத்திரியாக மாற வேண்டும். இசை ஓடிக்கொண்டிருக்கும். பதினைந்து இருபது விநாடிக்கு மேல் போனால் பார்வையாளர்கள் போனை எடுத்துவிடுவார்கள், அரங்கம் முழுக்க நீல வெளிச்சம். அதனால் காட்சி மாற்றத்தையும் ஒத்திகை பார்த்தே ஆக வேண்டும். முதலில் வெளிச்சத்தில், மெதுவாக. அப்புறம் அதே வேகத்தில் இருட்டில். யார் எந்த நாற்காலி, எந்த வழியில் என்று பேசி எழுதி வையுங்கள். ஒருவரும் வெறுங்கையோடு உள்ளே போகவோ வெளியே வரவோ கூடாது. போகும்போது ஆஸ்பத்திரிக் கட்டில், வரும்போது சோபா. இரண்டு பேர் தூக்கும் சாமான் என்றால் ஒருவர்தான் கட்டளை கொடுப்பார்.

கட்டில் எங்கே நிற்க வேண்டும் என்பதற்குத் தரையில் டேப்பால் சின்ன அடையாளம் ஒட்டுங்கள். நாலு காலுக்கும் வேண்டாம், பின்னால் இருக்கும் இரண்டு மூலைக்குப் போதும். காட்சிக்கு ஒரு நிறம். படி விளிம்புக்கும் செட் மூலைக்கும் இருட்டில் ஒளிரும் டேப்.

உடை கறுப்பு. முழுக்கை, முழுக்கால், பளபளப்பில்லாத துணி. வளையல், கொலுசு, சாவிக்கொத்து, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிப் பையில் போடுங்கள். மேடையில் செருப்புப் போடக் கூடாது என்று பல குழுக்களில் உண்டு. அந்த மரியாதை எனக்கும் முக்கியம். ஆனால் செட் போடுகிற மேடையில் ஆணி கிடக்கும். அதனால் மேடைக்கு மட்டும் என்று ஒரு கறுப்பு கேன்வாஸ் ஷூ தனியாக வைத்திருக்கிறேன், தெருவில் அதைப் போடுவதே இல்லை. எங்கள் குழுவில் பெரியவர்களும் இதை ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

விளக்கு அணையப் போகிறது என்றால் ஒன்றிரண்டு நிமிடம் முன்பே ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். அணைந்ததும் அந்தக் கண்ணைத் திறந்தால் இருட்டு அவ்வளவு இருட்டாக இருக்காது. டார்ச்சின் முகத்தில் சிவப்பு செலஃபேன் தாளை ஒட்டினால் வெளிச்சம் வெளியே அவ்வளவாகத் தெரியாது, கண்ணும் கூசாது. போன் வெளிச்சம் வேண்டவே வேண்டாம். போனை அணைத்துப் பையில் வையுங்கள்.

விங்கில் நிற்கும்போது பார்வையாளர் ஒருவர் உங்கள் கண்ணில் பட்டால் நீங்களும் அவர் கண்ணில் படுகிறீர்கள் என்று பொருள். ஓர் அடி பின்னால் போங்கள். துணியில் உரசாதீர்கள், விங் துணி அசைந்தால் வசனத்தை விட்டுவிட்டு எல்லோரும் அதைத்தான் பார்ப்பார்கள். பேச வேண்டுமானால் கிசுகிசுக்காமல் தாழ்ந்த குரலில் பேசுங்கள். கிசுகிசுப்பில் வரும் "ஸ்" சத்தம் வெகுதூரம் போகும். நம் சபா மேடைகளில் தலைக்கு மேல் தொங்கும் மைக் அதை அப்படியே பிடித்து ஹாலுக்கு அனுப்பிவிடும்.

நாடகத்தன்று

அரங்கு வாடகை அதிகம் என்பதால் பெரும்பாலான குழுக்களுக்கு மேடை கிடைப்பதே நாடகத்தன்று மத்தியானம்தான். ஏழு மணி நாடகத்துக்கு இரண்டு மணிக்கு செட் இறங்கும். செட், விளக்கு, ஒலி மூன்றும் ஒரே மேடைக்குப் போட்டி போடும். முழு ஒத்திகைக்கு நேரம் இருக்காது. விளக்கோ இசையோ செட்டோ மாறும் இடங்களை மட்டும் எடுத்து, நடுவில் வரும் வசனங்களைத் தாண்டித் தாண்டிப் பார்ப்போம். அந்த நேரத்தில் உங்கள் பகுதி வரும்வரை பேசாமல் உங்கள் இடத்திலேயே நில்லுங்கள். நீங்கள் வெளியே போய் டீ குடிக்கும்போதுதான் உங்கள் காட்சி மாற்றம் வரும்.

விளக்கு போடுகிறவர், செட் போடுகிறவர், மேக்கப்காரர், திரை இழுக்கிறவர் எல்லோரும் இதையே தொழிலாக வைத்திருப்பவர்கள். நாம் ஆசைக்காக வருகிறோம், அவர்களுக்கு இது அன்றைய கூலி. அவர்கள் வேலையில் கேட்காமல் கை வைக்காதீர்கள். "அண்ணே, இந்த வயரை நான் சுத்தட்டுமா?" என்று கேளுங்கள். அந்த மேடையில் எந்தப் பலகை ஆடும், எந்தத் திரை பாதியில் சிக்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். நடிகர் ஆர்.எஸ். மனோகர் தன் நாடகங்களில் மேடையில் காட்டிய தந்திரக் காட்சிகளைப் பற்றி இன்றும் பெரியவர்கள் வியந்து பேசுகிறார்கள். அந்தப் புகழில் திரைக்குப் பின்னால் வேலை செய்த கைகளுக்கும் பங்கு உண்டு. டீ வாங்கும்போது அவர்களையும் எண்ணி வாங்குங்கள்.

மின்சார விஷயத்தில் ஒன்று மட்டும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஆயிரம் வாட் விளக்கு ஒன்று சுமார் 4.3 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் பிளக்கில் மூன்று விளக்கு மாட்டினாலே 13 ஆகிவிட்டது. மீதி இடம் இருக்கிறதே என்று உடை பார்ப்பவர் அதே லைனில் இஸ்திரிப் பெட்டியைச் செருகினால் நாடகத்தின் நடுவே எல்லாம் அணைந்துபோகலாம். இஸ்திரியை மத்தியானமே முடித்துவிடுங்கள். விளக்குப் பக்கத்தில் திரைத் துணி தொட்டுக்கொண்டிருந்தால் உடனே விளக்கு போடுகிற அண்ணனிடம் சொல்லுங்கள்.

காலர் மைக்குகளுக்கு ஒவ்வொரு நாடகத்துக்கும் புது பேட்டரி. இரண்டாவது நாடகத்துக்குத் தாங்கும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். மே மாத வியர்வையில் இடுப்பில் கட்டும் பெட்டி நனையும். ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டுங்கள்.

உடை மாற்றம் உங்கள் பொறுப்பு என்றால் நடிகரோடு முன்பே கடிகாரம் வைத்து ஒத்திகை பாருங்கள். முடிந்தால் உள்ளே ஒன்று, வெளியே ஒன்றாகப் போட்டுவிட்டு வெளியே இருப்பதை மட்டும் கழற்றுவது நல்லது. வெல்க்ரோ வேகம்தான், ஆனால் கிழிக்கும் சத்தம் மைக்கில் விழும், அமைதியான காட்சியில் அழுத்துபொத்தானே நல்லது. பஞ்சகச்சமும் மடிசாரும் முன்பே தைத்து வைத்ததாக இருக்கட்டும். ஒட்டு மீசைக்குப் பயன்படுத்தும் ஸ்பிரிட் கம் என்ற பசை சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. முதல் நாளே மணிக்கட்டில் கொஞ்சம் தடவிப் பாருங்கள். எடுக்கும்போது பிய்க்காமல் தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட்டு எடுங்கள்.

தொடங்குமுன் மேடையில் பூஜை நடக்கும். கற்பூரம், தேங்காய், விபூதி. எல்லோரும் கும்பிட்டுக்கொண்டிருக்கும்போது உங்கள் கண் தரையில் இருக்கட்டும். தேங்காயை மேடைக்கு வெளியே உடைக்கச் சொல்லுங்கள். சிந்திய தண்ணீரும் விபூதியும் வழுக்கும். ஈரத்துணியாலும் பிறகு காய்ந்த துணியாலும் துடைத்துவிடுங்கள். கற்பூரம் முழுக்க அணைந்ததைப் பார்த்த பிறகே தட்டை எடுத்துப்போங்கள்.

அரை மணி இருக்கிறது, கால் மணி இருக்கிறது என்று க்ரீன் ரூமில் போய்ச் சொல்வது ஒருவர் வேலை. பொதுவாகக் கத்திவிட்டு வரக் கூடாது. ஒவ்வொருவரும் "சரி" என்று சொல்லிக் காதில் கேட்ட பிறகே அடுத்தவரிடம் போக வேண்டும். நாடகம் ஓடும்போது விளக்குக்கும் இசைக்கும் குரல் கொடுப்பவர் முதலில் "ரெடி" என்பார், அப்புறம் "போ" என்பார். அந்த இரண்டு வார்த்தைகளையும் விங்கில் வேறு எதற்கும் யாரும் பயன்படுத்தக் கூடாது. "நீ போ, நான் பார்த்துக்கறேன்" என்று நீங்கள் பக்கத்தில் இருப்பவரிடம் சொன்னால் விளக்கு அணைந்துவிடும்.

பிராம்ப்ட் பண்ண, அதாவது நடிகர் மறந்த வசனத்தை விங்கிலிருந்து எடுத்துக்கொடுக்கச் சொன்னால் மட்டும் யோசித்து ஒப்புக்கொள்ளுங்கள். எல்லா ஒத்திகைக்கும் வந்தவர்தான் அதைச் செய்ய முடியும். நடிகர் வேண்டுமென்றே விடும் மௌனத்தையும் மறந்து நிற்கும் மௌனத்தையும் பிரித்தறிய வேண்டும். வேண்டுமென்றே விடும் இடங்களைப் பிரதியில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். எடுத்துக்கொடுக்கும்போது வசனத்தின் முதல் மூன்று வார்த்தை போதும், தெளிவாக, ஒரே ஒருமுறை.

ஏதாவது தவறிப்போனால், கடிதம் கீழே விழுந்தாலும் கதவு திறக்காவிட்டாலும், விங்கிலிருந்து கையை நீட்டாதீர்கள். மேடையில் இருப்பவர் சமாளிப்பார். நீங்கள் அடுத்து என்ன பாதிக்கப்படும் என்று பாருங்கள். மூன்றாம் காட்சிக்கு அந்தக் கடிதம் வேண்டுமே, மாற்று இருக்கிறதா? காகிதச் சாமான் எல்லாவற்றுக்கும் இரண்டு பிரதி வைத்திருக்க வேண்டியது இதற்காகத்தான்.

முடிந்த பிறகு

திரை விழுந்ததும் நடிகர்களைப் பார்க்கச் சொந்தக்காரர்கள் மேடைக்கே வருவார்கள், செல்ஃபி எடுப்பார்கள். அந்த நேரத்தில்தான் சாமான் காணாமல் போகும். நேராக மேஜைக்குப் போங்கள். எண்ணி, துடைத்து, பெட்டியில் அடுக்கி, பிரவுன் பேப்பரையும் சுருட்டி உள்ளே வையுங்கள், அடுத்த நாடகத்துக்கு அதுவே வரைபடம். தரையில் ஒட்டிய டேப்பைப் பிசுக்கு இல்லாமல் உரித்துவிடுங்கள். நாளைக்கு அதே மேடையில் வேறொரு குழு வரும்.

நனைந்த உடைகளைத் தனிப் பையில் போடுங்கள், மூட்டையோடு சேர்த்துக் கட்டினால் மறுநாளே நாற்றம் எடுக்கும், பட்டில் கறை நின்றுவிடும். காலையிலேயே தோய்த்து, பட்டை நிழலிலும் மற்றதை வெயிலிலும் உலர்த்துங்கள். இரவல் வாங்கிய சாமானை, அது யாரோ ஒரு மாமியின் பழைய பித்தளைக் கூஜாவாகத்தான் இருக்கும், புளி போட்டுத் தேய்த்து இரண்டு நாளைக்குள் திருப்பிக் கொடுங்கள், கூடவே அடுத்த நாடகத்துக்கு இரண்டு டிக்கெட்டும். என்ன உடைந்தது, என்ன தீர்ந்தது, எந்த மாற்றத்துக்கு நேரம் போதவில்லை என்று அன்று ராத்திரியே நோட்டில் எழுதி, குழுவின் வாட்ஸ்அப்பிலும் போட்டுவிடுங்கள். அடுத்த வாரம் நாரத கான சபாவிலோ வாணி மஹாலிலோ அதே நாடகம் இருக்கும், மேடையின் அளவு வேறாக இருக்கும். அளவு நாடாவை எடுத்துக்கொண்டு முன்னதாகவே ஒரு நாள் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.